கத்திரியில் குளிர்ச்சி, மார்கழியில் வெதுவெதுப்பு

பண்ருட்டிக்குத் தெற்கே மாளிகம்பட்டு, பணிக்கன்குப்பம், காடாம்புலியூர் என்று எந்தப் பக்கம் போனாலும் செம்மண்ணும் பலாவும் முந்திரியும்தான். தோப்புக்கு ஒரு மோட்டார் கொட்டாய், அதன் முன்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி. மே மாதத்தில், கத்திரி வெயில் உச்சியில் நிற்கும்போது சுவிட்சைப் போட்டால், குழாய் ஒன்றிரண்டு முறை காற்றைத் துப்பிவிட்டுத் தண்ணீரைக் கொட்டத் தொடங்கும். அடியில் தலையை நீட்டியவர் ‘ஸ்’ என்று மூச்சை உள்ளே இழுப்பார். அவ்வளவு குளிர்ச்சி. அதே தோப்பு, அதே குழாய், மார்கழி விடியற்காலை: தொட்டிக்கு மேல் ஆவி மிதக்கும், இறங்கியவர் வெளியே வரவே தயங்குவார். அவ்வளவு வெதுவெதுப்பு.

இரண்டு நாளும் தண்ணீருக்குள் ஒரு வெப்பமானியை விட்டுப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆழம் அதிகமில்லாத போர் என்றால் அது 29, 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்.

தண்ணீர் ஏன் மாறவில்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம். வெயிலின் சூடு மண்ணுக்குள் மிக மெதுவாக இறங்குகிறது. பகலில் சூடும் இரவில் குளிர்ச்சியும் மாறி மாறி வருவதால், சூடு கொஞ்ச தூரம் போவதற்குள் பின்னாலேயே குளிர்ச்சி வந்து அதைத் தணித்துவிடும். சாதாரண மண்ணில் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் இறங்கினால் பகல்-இரவு ஏற்ற இறக்கம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். முழங்கை ஆழத்துக்குக் கீழே பகல் எது, இரவு எது என்று மண்ணுக்குத் தெரியாது. ஆண்டு முழுவதும் நடக்கும் கோடை-குளிர் மாற்றம் நீண்ட அலை, அதனால் இன்னும் ஆழம் போகும். ஆனாலும் 10 மீட்டருக்குள் அதுவும் அடங்கிவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பம், அதோடு ஒன்றிரண்டு டிகிரி கூடுதல். கடலூர்ப் பகுதியின் சராசரி 28 டிகிரியை ஒட்டியது. ஆகவே பண்ருட்டித் தண்ணீர் என்பது கோடையும் மழையும் பனியும் கலந்து சமமாகிப்போன ஓர் ஆண்டின் சராசரி.

இனி உடல். நம் உள்வெப்பம் 37 டிகிரி என்றாலும், தோல் அதைவிடக் குறைவாக 33, 34 டிகிரியில்தான் இருக்கும். கத்திரிப் பகலில் வெளியே காற்று 38, 40 என்று தோலைவிடச் சூடாக இருக்கிறது. தோலும் காய்ந்து 35, 36 வரை ஏறியிருக்கும். அங்கே 29 டிகிரித் தண்ணீர் வந்து விழும்போது வித்தியாசம் 6, 7 டிகிரி. மார்கழி விடியலில் காற்று 20 டிகிரிக்கு இறங்கி, வெளியே தெரியும் கையும் முகமும் குளிர்ந்து போயிருக்கும். அங்கே அதே 29 டிகிரி சூடு. தோலுக்கு வெப்பமானியைப் படிக்கத் தெரியாது. தனக்கும் தன்மேல் படுவதற்கும் உள்ள வேறுபாட்டையும், அந்த வேறுபாடு எவ்வளவு வேகமாக வந்தது என்பதையும்தான் அது படிக்கிறது.

இப்படிப் படிப்பதற்கென்றே தோலின் நரம்பு நுனிகளில் புரதக் கதவுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் டி.ஆர்.பி.எம்.8. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸின் குழுவும் ஆர்டெம் படபூட்டியனின் குழுவும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தன. தோல் 20களின் மத்திக்குக் கீழே குளிரும்போது இந்தக் கதவு நன்றாகத் திறக்கிறது. புதினாவில் இருக்கும் மென்தால் பட்டாலும் திறக்கிறது. தலைவலித் தைலத்தைத் தேய்த்ததும் நெற்றி சில்லிடுவது இதனால்தான், அங்கே உண்மையில் எதுவும் குளிர்வதில்லை. வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் இத்தகைய கதவுகளைக் கண்டதற்காக இருவருக்கும் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. குளிரை உணரும் நரம்புகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. தோல் ஒரே வெப்பத்தில் இருந்தால் அவை மெதுவாக முணுமுணுக்கும். வெப்பம் சட்டென்று விழுந்தால் ஒரே கூச்சலாகச் சைகை அனுப்பும், பிறகு சில விநாடிகளில் அடங்கும். குழாயடியில் முதல் சில விநாடிகள் தரும் சுகம் பின்னால் ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு இதுதான் காரணம். ஒருமுறை வெளியே வந்து, வெயிலில் நின்று, மறுபடி போய் நனைந்தால் அது திரும்பக் கிடைக்கும். தோப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. அவர்கள் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள்.

29 டிகிரிக் காற்றில் நின்றால் நமக்கு எதுவும் ஆவதில்லை, நன்றாகவே இருக்கும். 29 டிகிரித் தண்ணீரில் ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தால் பலருக்கு உதறல் எடுக்கும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடாவதற்கு வாங்கிக்கொள்ளும் வெப்பம், ஒரு லிட்டர் காற்று வாங்குவதைப்போல் சுமார் 3,500 மடங்கு. வெறும் உடம்போடு அசையாமல் இருக்கும் ஒருவர் வெப்பத்தை இழக்காமலும் பெறாமலும் தண்ணீரில் இருக்க வேண்டுமானால், அந்தத் தண்ணீர் 33 முதல் 35 டிகிரி இருக்க வேண்டும். அதற்குக் கீழே எந்தத் தண்ணீரும் உடலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டுதான் இருக்கும். பண்ருட்டித் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு நாலைந்து டிகிரி கீழே நிற்கிறது. கத்திரியில் வியர்த்துக் களைத்த உடலுக்கு இதைவிடப் பொருத்தமான வேறுபாட்டை யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டாலும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

தொட்டிக்குள் உட்காருவதைவிடக் குழாயடியில் நிற்பது ஏன் அதிகம் குளிர்கிறது? அசையாத தண்ணீரில் உட்கார்ந்தால், தோலை ஒட்டிய மெல்லிய படலம் நம் சூட்டில் வெதுவெதுப்பாகி ஒரு போர்வைபோல் நின்றுவிடும். குழாய் நீர் அந்தப் போர்வையை விநாடிக்கு விநாடி உரித்துப் போட்டுக்கொண்டே இருக்கிறது. ஏழரை குதிரைத்திறன் மோட்டார் 30 மீட்டர் ஆழத்திலிருந்து ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரத்தில் பாதிதான் தண்ணீரைத் தூக்கப் பயன்படுகிறது என்றாலும், விநாடிக்கு 9 லிட்டருக்கு மேல் கொட்டும். குளியலறைப் பூத்தூவிக்குழாய் ஒரு நிமிடத்தில் தருவதை இது ஒரு விநாடியில் தந்துவிடுகிறது. தோள்மேல் விழும் அந்த எடையும் சுகத்தில் ஒரு பங்கு.

குளிர்நீர்க் குளியல் பற்றிப் பேச வந்தபோது ஐரோப்பாவின் உறைந்த ஏரிகளிலிருந்தும் பனிக்கட்டி மிதக்கும் தொட்டிகளிலிருந்தும் தொடங்காமல் ஒரு பலாத் தோப்பிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பாவில் செய்யப்பட்ட ஒரு நல்ல ஆய்வே நம் தொட்டியின் பெருமையையும் சொல்கிறது. 2000ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில் செக் நாட்டு ஆய்வாளர்கள் இளைஞர்களைக் கழுத்தளவு நீரில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஒரு முறை 32 டிகிரி, ஒரு முறை 20, ஒரு முறை 14. பரவலாகப் பேசப்படுவது 14 டிகிரியின் முடிவுதான். இரத்தத்தில் நோரட்ரினலின் 530 விழுக்காடு கூடியது, டோபமைன் 250 விழுக்காடு கூடியது, உடல் எரிக்கும் ஆற்றல் 350 விழுக்காடு கூடியது. பனித்தொட்டியில் இறங்கி வந்தவர் முகத்தில் தெரியும் அந்த விழிப்பும் உற்சாகமும் இந்த எண்களில் இருக்கிறது.

ஆனால் 32 டிகிரியில் நடந்ததை யாரும் சுவரொட்டியில் போடுவதில்லை. அங்கே உடல் கூடுதலாக எதையும் எரிக்கவில்லை. இதயத் துடிப்பு 15 விழுக்காடு குறைந்தது. இரத்த அழுத்தத்தின் மேல் அளவும் கீழ் அளவும் 11, 12 விழுக்காடு இறங்கின. மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் 34 விழுக்காடு குறைந்தது. சிறுநீர் இரு மடங்குக்கும் மேல் பிரிந்தது. இவையெல்லாம் குளிரின் வேலை அல்ல, நீர் அழுத்தத்தின் வேலை. கழுத்தளவு நீரில் கால்கள் ஒரு மீட்டருக்கும் அதிகமான நீர்த்தூணின் கீழ் இருக்கின்றன. அந்த அழுத்தம் கால்களிலும் வயிற்றிலும் தேங்கி நிற்கும் இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அரை லிட்டருக்கும் கூடுதலான இரத்தம் மார்புக்கூட்டுக்குள் வந்து சேர்கிறது. இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. ‘உடம்பில் நீர் மிகுந்துவிட்டது’ என்று நினைத்துக்கொண்டு இதயம் சிறுநீரகத்துக்குச் சேதி அனுப்புகிறது. குளத்தில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் சிறுநீர் முட்டுவது ஏன் என்று சிறு வயதில் வியக்காதவர் குறைவு, விடை இதுதான்.

ஆக, மார்பளவு நீர் நிற்கும் ஒரு தோட்டத் தொட்டியில் இரண்டு பலன் சேர்ந்து கிடைக்கிறது. நீரின் அழுத்தம் இதயத்தைத் தணிக்கிறது. நாலைந்து டிகிரி வேறுபாடு உடலின் சூட்டை மெல்ல இழுத்துக்கொள்கிறது. அதிர்ச்சி இல்லை, மூச்சுத் திணறல் இல்லை. எழுபது வயதுப் பாட்டியும் ஏழு வயதுப் பேத்தியும் ஒரே தொட்டியில் இறங்கலாம். 14 டிகிரியில் அது முடியாது. பனித்தொட்டி வைத்த உடற்பயிற்சிக் கூடங்கள் நம் நகரங்களில் பெருகுவதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றுக்குக் கட்டணம் கட்டும் கடலூர் மாவட்டத்துக்காரர் ஒருவர், தன் ஊர்த் தொட்டியின் அறிவியலையும் தெரிந்துகொண்ட பிறகு கட்ட வேண்டும் என்பது என் ஆசை.

கடுங்குளிர் நீரின் கதையே வேறு. தமிழர்களின் நீச்சல் வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக்காரர்களுக்குக் கடல் வாசல்படி. பக்கத்து ஊரான தொண்டைமானாற்றின் முருகுப்பிள்ளை நவரத்தினசாமி 1954இல் பாக் நீரிணையை நீந்திக் கோடியக்கரைக்கு வந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் போகவும் வரவுமாக அதே நீரிணையை 51 மணி நேரத்தில் நீந்தினார். இரண்டு இரவும் இரண்டு பகலும் கடலில் கிடந்த உடல் அது. பாக் நீரிணையின் நீர் பண்ருட்டித் தண்ணீரின் வெப்பத்தை ஒட்டியதுதான். நீந்துகிற உடல் உண்டாக்கும் சூடு இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். ஆனந்தன் பின்னர் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் போனார். 1984 ஆகஸ்ட் 6 அன்று, அந்த முயற்சியில் உயிர் நீத்தார். கோடையின் உச்சத்திலும் அந்தக் கால்வாயின் நீர் 15 முதல் 18 டிகிரிதான். பத்தாண்டு கழித்து, 1994இல், ஈரோட்டைச் சேர்ந்த குற்றாலீசுவரன் 12 வயதில் அதைக் கடந்தார். அதே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்தி, 1966இல் ஐந்தைக் கடந்த மிகிர் சென்னின் சாதனையை மிஞ்சினார். ஒல்லியான ஒரு சிறுவன், உடலில் கொழுப்புப் போர்வை குறைவாக இருந்தும், அந்த நீரில் மணிக்கணக்காகத் தாங்கினான் என்பதை உடலியல் தெரிந்தவர்கள் இன்றும் மதிப்போடுதான் சொல்வார்கள்.

பலர் நினைப்பதற்கு மாறாக, கடுங்குளிர் நீரில் முதல் ஆபத்து உடல் குளிர்ந்து விறைப்பது அல்ல. அதற்கு அரை மணி நேரமாவது ஆகும். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் மைக் டிப்டன் பல்லாண்டுகளாக ஆராய்ந்து காட்டியது வேறு: முதல் மூன்று நிமிடங்கள்தான் ஆளைக் கொல்கின்றன. தோல் சட்டென்று குளிர்ந்ததும் தன்னை மீறி ஒரு பெருமூச்சு உள்ளே போகும்; அந்த நொடி வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரும் போகும். பிறகு கட்டுக்கடங்காமல் மூச்சு வாங்கும். கரையில் ஒரு நிமிடம் மூச்சடக்குகிறவரால் அங்கே பத்து விநாடி அடக்க முடியாது. இதயம் படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும். அதே வேளையில் முகம் நனைந்தால் இதயத்தை மெதுவாக ஓடச் சொல்லும் மற்றோர் அனிச்சைச் செயல் கிளம்பும். வேகமாக ஓடு என்று ஒரு கட்டளை, மெதுவாக ஓடு என்று ஒரு கட்டளை. பலவீனமான இதயம் இரண்டுக்கும் நடுவில் தாளம் தப்பிவிடலாம். இந்த அதிர்ச்சி 25 டிகிரிக்குக் கீழே தலைகாட்டி, 15க்கும் 10க்கும் இடையில் உச்சத்துக்குப் போகிறது.

குற்றாலத்துக்கும் ஊட்டிக்கும் போகிறவர்களுக்கும், அதைவிட இமயமலைக்குப் போய் உருகிய பனிநீரில் தலைமுழுகும் நம் ஊர் யாத்திரிகர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் 29 டிகிரியில் குளித்த உடல் ஒரே நொடியில் 8 டிகிரிக்குள் மூழ்குகிறது. அதுவும் பெரும்பாலும் அறுபது வயதுக்கு மேல், மலை ஏறிய களைப்போடு. நம் வீட்டுப் பெரியவர்கள் முதல் சொம்பைக் காலில் ஊற்று, பிறகு கையில், தோளில், கடைசியாகத் தலையில் என்பார்கள். அதிர்ச்சியின் அளவு எவ்வளவு தோல், எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே அந்தச் சொம்பு வரிசை உடலியல்படியும் சரி. இன்னொரு நல்ல செய்தியும் டிப்டனின் ஆய்வுகளிலிருந்து வருகிறது. சில நிமிடம் குளிர்நீரில் இறங்கி ஏறுவதை ஐந்தாறு முறை செய்தாலே அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகிவிடும். அதில் ஒரு பகுதி ஓராண்டுக்குப் பிறகும் உடலில் தங்கியிருக்கும்.

குளிர்நீர் மன அழுத்தத்தைப் போக்கும், கொழுப்பைக் கரைக்கும், நோய் எதிர்ப்பைக் கூட்டும் என்றெல்லாம் சொல்லப்படுவது எவ்வளவு உண்மை? நார்வேயின் துரோம்சோ பல்கலைக்கழகத்தினர் 2022இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் படித்தார்கள். நம்பிக்கை தரும் அறிகுறிகள் உண்டு என்றார்கள். ஆனால் பெரும்பாலான ஆய்வுகளில் ஆட்கள் குறைவு, குளிர்நீரில் நீந்துகிறவர்கள் ஏற்கெனவே உடல்நலம் உள்ளவர்கள், அதனால் எது காரணம் எது விளைவு என்று பிரிக்க முடியவில்லை என்றும் எழுதினார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. நீரைவிட வெளியில் இருப்பதற்கே வலுவான சான்று கிடைக்கிறது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் திரட்டிய தகவலை வைத்து 2019இல் வெளியான ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைவெளியில் கழிப்பவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகம் என்று கண்டது. ஒரே நாளில் கழித்தாலும் சரி, பிரித்துக் கழித்தாலும் சரி.

பண்ருட்டியில் அந்த 120 நிமிடத்துக்குப் பலா மரம் இடம் தருகிறது. எந்தப் பருவத்திலும் இலை உதிர்த்து மொட்டையாகாத, அடர்ந்த மரம். கத்திரியில் வெட்டவெளியில் நிற்பவருக்கு வெயிலும் சூடேறிய தரையும் சேர்ந்து தரும் கதிர்வீச்சு, அவர் உடல் உள்ளுக்குள் உண்டாக்கும் வெப்பத்தைவிட அதிகம். பலாவின் அடியில் அதில் பெரும்பகுதி நின்றுபோகிறது. நனைந்த உடம்போடு அங்கே வந்து உட்கார்ந்தால், தோலிலிருந்து ஆவியாகும் ஒவ்வொரு கிராம் தண்ணீரும் 2,400 ஜூலுக்குமேல் வெப்பத்தை எடுத்துப்போகும். குளித்து முடித்த பிறகும் குளிர்ச்சி தொடர்வது அப்படித்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது இந்தப் பகுதியில் பலாவும் முந்திரியும் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. பழம் போயிற்று என்று எல்லோரும் எழுதினார்கள். நிழல் போனதை யாரும் எழுதவில்லை. முதிர்ந்த பலாவின் நிழல் திரும்பி வர ஒரு தலைமுறை ஆகும்.

வெளியில் போய் நீரோடு ஒரு நாள் கழிப்பதற்கு இந்தப் பக்கத்தில் ஒரு திருநாளும் இருக்கிறது. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. மற்ற ஊர்களில் காணும் பொங்கலோடு கொண்டாட்டம் முடிந்துவிடும். தென்பெண்ணைக் கரையிலும் கெடிலக் கரையிலும் அதற்குப் பிறகுதான் ஊர் திரளும். சுற்றுப்பட்டுக் கோயில்களிலிருந்து சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து மணலில் வரிசையாக நிற்கும். சிறுவள்ளிக் கிழங்கு குவியல் குவியலாக விற்கும். அதை வாங்காமல் திரும்பினால் திருவிழாவுக்குப் போனதாகவே கணக்கில்லை. வடகிழக்குப் பருவமழை நல்லபடியாகப் பெய்த ஆண்டு என்றால் ஆற்றில் முழங்கால் நீர் ஓடும். திறந்த ஆறு நிலத்தடி நீரைப்போல் ஆண்டின் சராசரியைக் காட்டாது. இரவுக் குளிரை வாங்கி, இந்த ஊரில் தண்ணீர் போகக்கூடிய கீழெல்லைக்கு அன்றைக்கு இறங்கியிருக்கும். பண்ருட்டிக்காரர் ஆண்டில் உண்மையான குளிர்நீரில் கால் வைக்கும் நாள் அதுதான்.

கெடிலத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு துயரத்தை விட்டுவிட்டுப் போக முடியாது. 2022 ஜூன் 5 அன்று, நெல்லிக்குப்பம் அருகே ஏ.குச்சிப்பாளையத்தில், தடுப்பணை நீரில் குளிக்கப் போன சிறுமியரும் இளம்பெண்களுமாக ஏழு பேர் மூழ்கி இறந்தார்கள். வெயிலுக்கு இதமாகத்தான் போனார்கள். இப்படிப்பட்ட சாவுகளில் குளிர் காரணமே இல்லை. ஆழம்தான் காரணம், நீச்சல் தெரியாததுதான் காரணம். தடுப்பணையில் நீர் தேங்கும் இடம் வறண்ட நாளில் நாம் நடந்து பழகிய மணல்வெளியாக இருந்திருக்கும். அதே இடத்தில் மணல் எடுத்த குழியோ, வெள்ளம் விழுந்து தோண்டிய பள்ளமோ இருந்தால் மேலே இருந்து தெரியாது. முழங்கால் ஆழத்தில் வைத்த கால் அடுத்த அடியில் ஆளை முழுவதும் விழுங்கும் பள்ளத்தில் இறங்கும். ஒருவர் தவறி இறங்க, கைகொடுக்கப் போனவர் அடுத்து, அவரைப் பிடிக்கப் போனவர் அடுத்து என்று ஒரே குழியில் பலர் போவது நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கிறது. உலக சுகாதார நிறுவனக் கணக்கின்படி 2021இல் மட்டும் உலகெங்கும் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள்.

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தப் பக்கத்துக் கிணறுகள்தான் நீச்சல் பள்ளி. முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி அப்பாவோ மாமாவோ தள்ளிவிடுவார். சில நாளில் குடுக்கை கழன்றுவிடும். திறந்த கிணறுகள் வற்றி, ஆறு அங்குலக் குழாய்களாகிவிட்ட பிறகு, அந்தப் பள்ளி மூடப்பட்டுவிட்டது. நீச்சல் தெரியாத பிள்ளைகளும், மழைக்காலத்துக்குப் பிறகு மட்டும் நிறையும் தடுப்பணைகளும் மிஞ்சின. பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளியிலும் எப்போதும் இடம் குறைவுதான். குச்சிப்பாளையத்தில் இறந்தவர்கள் எல்லோரும் பெண்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வங்கதேசம் இதற்கு ஒரு வழி கண்டது. ஊர்க் குளத்திலேயே மூங்கில் தட்டி அமைத்து, நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 25 மீட்டர் நீந்தவும், அரை நிமிடம் மிதக்கவும், கரையிலிருந்தே கம்பு நீட்டி மற்றவரைக் காப்பாற்றவும் சொல்லிக் கொடுத்தார்கள். கற்றுக்கொண்ட குழந்தைகளிடையே மூழ்கிச் சாவது 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. இதற்குப் பெரிய நீச்சல்குளமோ ஓடுகளோ தேவைப்படவில்லை. மார்பளவு நீர் உள்ள தோட்டத் தொட்டி பண்ருட்டியில் எத்தனையோ இருக்கிறது. ஊராட்சி ஒவ்வொன்றும் கோடை விடுமுறையில் அப்படிப்பட்ட ஒரு தொட்டியை எடுத்து, பெண் பயிற்றுநரோடு, இதை நடத்தலாம், நடத்த வேண்டும்.

இந்தத் தொட்டிகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? செம்மண் மேட்டின் கீழே கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர் அழைக்கும் பாறை இருக்கிறது. மேட்டில் பெய்யும் மழை அதற்குள் இறங்கிக் கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. நெய்வேலியில் அது பழுப்பு நிலக்கரிப் படுகையின் அடியில் போய், மேலே வர வழியில்லாமல் அழுத்தத்தோடு அடைபட்டு நிற்கிறது. அந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. அதாவது 60, 80 மீட்டர் உயரத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தும் வலு. 1956இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கி, அடுத்த ஆண்டு சுரங்கம் தோண்ட ஆரம்பித்தபோது பொறியாளர்கள் சந்தித்த பெரிய சிக்கல் இதுதான். மேலிருக்கும் மண்ணை அகற்றினால், கீழிருக்கும் நீர் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு வந்துவிடும். ஆகவே சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 1961இல் நிலக்கரி தொட்டார்கள். இறைப்பது இன்று வரை நிற்கவில்லை. அந்த நீரில் அனல்மின் நிலையமும் நகரியமும் பக்கத்து ஊர்களின் வயல்களும் பங்கு வாங்குகின்றன. மோட்டார் இல்லாமலே தானாகப் பொங்கிய ஊற்றுக் கிணறுகளை இந்தப் பகுதியின் முதியவர்கள் பார்த்திருக்கிறார்கள். சுரங்கமும் எங்கள் உழவர்களின் கணக்கற்ற போர்களும் சேர்ந்து இறைத்ததில் அந்த அழுத்தம் இறங்கிவிட்டது. தண்ணீரைத் தேடிப் போரும் ஆழம் போய்க்கொண்டிருக்கிறது.

ஆழம் போவதால் செலவு கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் சூடாகும் என்பதை அதிகம் பேர் நினைத்துப் பார்ப்பதில்லை. பூமிக்குள் ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பம் ஏறுகிறது. 50 மீட்டரில் 29 டிகிரி இருந்த நீர், 250 மீட்டரிலிருந்து வந்தால் 34ஐ ஒட்டி இருக்கும். அது தோலின் வெப்பம். அங்கே வேறுபாடு பூச்சியம். கத்திரியில் குழாயடியில் நின்றாலும் நனையலாமே தவிரக் குளிராது. ஆழமான போர் உள்ள தோப்புகளில் ‘தண்ணி சுடுது’ என்று சொல்வது வெறும் பேச்சில்லை.

அப்படிப்பட்ட போர் உள்ளவர்களுக்கு ஒரு வழி சொல்லலாம். பொழுது சாய்ந்ததும் தொட்டியை நிறைத்து, மூடாமல் விட்டுவிடுங்கள். திறந்த நீர்ப்பரப்பு இரவு முழுவதும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழமுள்ள தொட்டியில் ஓர் இரவில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியானாலே மொத்த நீரும் ஏறத்தாழ 2 டிகிரி குளிரும். மேகமில்லாத வானத்துக்கு வெப்பத்தை வீசி இன்னும் கொஞ்சம் இறங்கும். தொட்டி ஆழம் குறைவாகவும் அகலமாகவும் இருந்தால் இன்னும் நல்லது. கடற்காற்றின் ஈரப்பதம் மிகுந்த இரவில் இவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும் கத்திரி இரவில் எதிர்பார்க்கலாம். விடியற்காலை ஐந்து மணிக்கு, மோட்டாரை நிறுத்தி, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு இறங்குங்கள். ஈரக் கையோடு மோட்டார் கொட்டாய்ப் பக்கம் யாரும் போகக் கூடாது. பிள்ளைகள் இருந்தால் நீச்சல் தெரிந்த ஒருவர் கரையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். குளித்த தண்ணீரை மடை திறந்து பலாவின் பாத்திக்கு விட்டுவிடலாம், அதற்காகத்தானே இறைத்தது.